தூங்கும் கணினியைத் தூரத்திலிருந்து எழுப்புதல்

கடந்த கோடையில் ஒரு திருமணத்துக்காக நாம் குடும்பமாக ரொறன்ரோவில் நின்றபோது யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்பு வந்தது. பெரியப்பாவின் காணி வழக்கு மறுநாள் எடுபடுகிறது, 1974ஆம் ஆண்டு உறுதியின் மூன்றாம் பக்கம் சட்டத்தரணிக்குத் தெளிவாக வேண்டும் என்றார்கள். அந்த உறுதியை நாம் ஒழுங்காக ஸ்கான் செய்து வைத்திருந்தோம். ஆனால் அது இருந்தது யேர்மனியில், எமது வீட்டு மேசைக்குக் கீழே, நூர்த்து வைத்த கணினிக்குள். வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்த அயலவர் விடுமுறையில் போய்விட்டார். பக்கம் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. வழக்கு நான்கு மாதம் தள்ளிப்போனது.

ஊருக்குப் போய்வர ஒரு நாள் முழுக்கப் பறக்க வேண்டிய எமக்கு, மேசைக்கடியில் இருக்கும் பெட்டியின் பொத்தானை அழுத்த ஆள் இல்லாமல் போனது வெட்கமாகவும் இருந்தது. அதன் பிறகு தேடிப் படித்து, பிழைவிட்டு, திருத்தி அமைத்துக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். கோப்புகளை இணையச் சேமிப்பகம் ஒன்றில் ஏற்றிவைத்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று பிள்ளைகள் கேட்பார்கள். சமையல் குறிப்புக்கும் பிறந்தநாள் படங்களுக்கும் அது சரி. ஆனால் எமது வீடுகளில் வேறு கோப்புகளும் இருக்கின்றன. தஞ்சக் கோரிக்கைக்காகக் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி, மருத்துவ அறிக்கை, காணாமற்போனவருக்காக எழுதிய முறைப்பாடுகள். அவற்றில் இன்னும் ஊரில் வாழ்பவர்களின் பெயர்கள் உண்டு. அதை வேறொருவரின் சேவரில் வைக்க மனம் ஒப்பாதவர்கள் பலர். நாமும் அப்படித்தான். இந்தக் கட்டுரை அப்படியானவர்களுக்கே.

சரி, வீட்டுக் கணினியை எப்போதும் போட்டே வைத்தால் என்ன? கணக்குப் பார்ப்போம். சும்மா நிற்கும் ஒரு மேசைக்கணினி 50 வாட் இழுக்கிறது என்று வைத்தால், ஆண்டுக்கு 438 அலகு. அலகுக்கு 35 சதம் என்றால் 153 யூரோ 30 சதம். அதே கணினியைத் தூங்கவைத்தால் ஏறக்குறைய 2 வாட். ஆண்டுக்கு 6 யூரோ 13 சதம். அதை எழுப்புவதற்காக 3 வாட் இழுக்கும் சின்னக் கருவி ஒன்றை எப்போதும் விழித்திருக்க விட்டால் 9 யூரோ 20 சதம். இரண்டையும் கூட்டினால் 15 யூரோ 33 சதம், முன்னதில் பத்தில் ஒன்று. பணத்தை விடவும் பெரிய இலாபம் ஒன்று உண்டு: தூங்கும் கணினிக்குள் இணையம் வழியாக எவரும் நுழைந்து கோப்பைப் பார்க்க முடியாது.

இனி இது எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்போம். கணினி தூங்கும்போதும், பல கணினிகளில் முழுதாக நிறுத்திய பிறகும், வலையமைப்பு அட்டைக்கு மட்டும் கொஞ்ச மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். பெட்டியின் பின்னால் வலையமைப்பு வயர் செருகிய இடத்தில் சிறு வெளிச்சம் மினுங்கினால் அட்டை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது காத்திருப்பது ஒரேயொரு செய்திக்கு. அதற்கு ஆங்கிலத்தில் மஜிக் பக்கெட் என்று பெயர்; நாம் மந்திரப் பொதி என்போம். 1995இல் ஏஎம்டி நிறுவனமும் ஹியூலட் பக்கார்ட்டும் சேர்ந்து இதை வகுத்தன. 1997இல் இன்டெலும் ஐபிஎம்மும் வேக் ஒன் லான் என்ற பெயரில் இதை அலுவலகக் கணினிகளுக்குக் கொண்டுவந்தன. இரவில் ஊழியர்கள் வீட்டுக்குப் போனபின் நூற்றுக்கணக்கான கணினிகளை எழுப்பி மென்பொருளைப் புதுப்பிக்க இது உதவியது.

மந்திரம் என்று பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது எளிமையானது. ஒவ்வொரு வலையமைப்பு அட்டைக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு முகவரி எழுதப்படுகிறது. அது மாக் முகவரி: 6 பைட்டு நீளம், 0 முதல் 9 வரையான எண்களும் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் கலந்த 12 குறிகள். மந்திரப் பொதியில் முதலில் 255 என்ற பெறுமதி கொண்ட பைட்டு 6 தடவை வரும். பின்னர் எழுப்பவேண்டிய கணினியின் மாக் முகவரி 16 தடவை வரும். 6 உடன் 96ஐக் கூட்டினால் 102 பைட்டு. அவ்வளவுதான். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் ஒரு பிள்ளையின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதைப் போல. வீதியில் நிற்கும் எல்லோர் காதிலும் விழும், ஆனால் பெயருக்குரிய பிள்ளைதான் திரும்பிப் பார்க்கும்.

ஒலிபெருக்கி உவமையை இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். தூங்கும் கணினியைத் தனியாக அதன் ஐபி முகவரியில் கூப்பிட்டுப் பலனில்லை. அது பதில் சொல்லாததால், அந்த ஐபி முகவரிக்கு உரியவர் யார் என்பதைச் சிறிது நேரத்தில் ரவுட்டர் மறந்துவிடும். ஆகவே வீட்டு வலையமைப்பிலுள்ள எல்லோருக்கும் கேட்கும்படி பொதுவாகத்தான் கூவ வேண்டும். ஆனால் இப்படிக் கூவுவதை வெளியிலிருந்து உள்ளே விடுவதற்கு ரவுட்டர் சம்மதிக்காது. சம்மதிக்கவும் கூடாது. ரொறன்ரோவில் நின்று எவ்வளவு கத்தினாலும் அது வீட்டு வாசலோடு நின்றுவிடும்.

எனவே வீட்டுக்குள்ளேயே விழித்திருக்கும் ஒருவர் எமக்காகக் கூவ வேண்டும். அவருக்கு நாம் சொல்லிவிடும் வழிதான் இணையப் பக்கம். கைத்தொலைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்துகிறோம், பக்கத்தை வைத்திருக்கும் கருவி வீட்டுக்குள் மந்திரப் பொதியைக் கூவுகிறது, கணினி எழும்புகிறது.

அந்த ஒருவர் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறார். யேர்மனியில் அதிகம் பாவனையில் உள்ள பிரிட்ஸ்பொக்ஸ் ரவுட்டரில் இதற்கான பொத்தான் உண்டு. ரவுட்டரின் பக்கத்துக்குள் போய் ஹைம்நெட்ஸ், அதனுள் நெட்ஸ்வேர்க் என்ற பகுதியில் உங்கள் கணினியின் பெயருக்கு எதிரே உள்ள பென்சில் அடையாளத்தை அழுத்துங்கள். கொம்பியூட்டர் ஸ்டார்ட்டன் என்று ஒரு பொத்தான் இருக்கும். கணினி ரவுட்டரோடு வயரால் தொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதே பக்கத்தில் கணினியின் மாக் முகவரியும் இருக்கும். அதைத் தேடி வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. இணையத்திலிருந்து யாராவது தொடர்பு கொண்டால் கணினியைத் தானாக எழுப்பு என்றும் அங்கே ஒரு தெரிவு உண்டு. அதை நாம் போடவில்லை. யார் கதவைத் தட்டினாலும் எழும்பு என்று சொல்வது போன்றது அது.

ஏசூஸ் ரவுட்டர்கள் பலவற்றிலும் இந்த வசதி உண்டு. ஓப்பன்டபிள்யூஆர்டி போட்ட ரவுட்டருக்கு இதற்கெனத் தனிப் பொதி இருக்கிறது. உங்கள் ரவுட்டரில் எதுவும் இல்லாவிட்டால், அல்லது வீட்டில் இரண்டு மூன்று கணினிகள் இருந்து பிள்ளைகளும் பாவிப்பதாக இருந்தால், ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவு கணினி ஒன்றை வாங்கி ரவுட்டருக்குப் பக்கத்தில் வையுங்கள். நாம் இறுதியில் இந்த வழிக்குத்தான் வந்தோம். அதில் அப்ஸ்னாப் என்ற இலவச, திறந்த மூல மென்பொருள் ஓடுகிறது. அதன் பக்கத்தைத் திறந்தால் வீட்டுக் கணினிகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். விழித்திருப்பது பச்சை, தூங்குவது சிவப்பு. சிவப்பை அழுத்தினால் எழுப்பும். ஆளாளுக்குத் தனிக் கணக்குத் திறந்து, யார் எந்தக் கணினியை எழுப்பலாம் என்றும் வகுக்கலாம். எமது மகளுக்கு அவளுடைய கணினி மட்டும்தான்.

அப்ஸ்னாப்பை நிறுவும்போது இரண்டு இடங்களில் நாம் மாட்டிக்கொண்டோம். டொக்கர் என்ற கொள்கலனுக்குள் ஓடவிட்டால் அது கூவுவது கொள்கலனுக்கு வெளியே கேட்காது. வலையமைப்பு முறையை ஹோஸ்ட் என்று மாற்றியதும் சரிவந்தது. மற்றது, கணினி எழும்பிய பிறகும் பக்கத்தில் சிவப்பாகவே நின்றது. பிங் என்ற சிறு கேள்வியை அனுப்பிப் பதில் வந்தால்தான் அது பச்சை காட்டும். விண்டோஸின் தடுப்புச்சுவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல விடவில்லை. அன்று ஒரு மாலை முழுவதும், விழித்திருந்த கணினியை எழுப்பிக்கொண்டிருந்தோம்.

இனி வாசற்கதவு. தூரத்திலிருந்து இந்தப் பக்கத்தை எப்படித் திறப்பது? இணையத்தில் தேடினால் ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிடுங்கள் என்ற அறிவுரை தாராளமாகக் கிடைக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மந்திரப் பொதிக்கு நடைமுறையில் கடவுச்சொல் கிடையாது. எழுப்புவதோடு கணினியை நிறுத்தவும் கட்டளை கொடுக்கக்கூடிய ஒரு பக்கத்தைத் தெருவில் வைப்பது, வீட்டுத் திறப்பைக் கதவிலேயே தொங்கவிடுவதற்குச் சமம். தொலைமேசைக்குரிய 3389 என்ற போர்ட்டைத் திறந்துவைத்தால் அதை ஓயாமல் தட்டிப் பார்ப்பதற்கென்றே நிரல்கள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எமது கோப்புகளில் யாருடைய பெயர்கள் இருக்கின்றன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரியான வழி விபிஎன். வெளியில் நிற்கும் கைத்தொலைபேசிக்கும் வீட்டுக்கும் இடையே பூட்டிய குழாய் ஒன்றைப் போடுவதுதான் அது. வயர்கார்ட் என்ற முறை இன்று எளிதானதும் வேகமானதும். 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6இல் அது கருவிலேயே சேர்க்கப்பட்டது. பிரிட்ஸ்பொக்ஸிலும் பிரிட்ஸ்ஓஎஸ் 7.50 முதல் உண்டு. ரவுட்டரில் இணைப்பை உருவாக்கினால் திரையில் ஒரு கியூஆர் சதுரம் வரும். தொலைபேசியில் வயர்கார்ட் செயலியைத் திறந்து அதைப் படம் பிடித்தால் வேலை முடிந்தது. பிறகு ரொறன்ரோவில் இருந்தாலும் தொலைபேசி வீட்டு வலையமைப்புக்குள் இருப்பதாகவே கருதப்படும்.

விபிஎன் இருந்தால் தொலைபேசியிலேயே எழுப்பும் செயலியைப் போட்டுக்கொள்ளலாமே, இடையில் இணையப் பக்கம் எதற்கு என்று கேட்கலாம். நாமும் முதலில் அப்படித்தான் முயன்றோம், சரிவரவில்லை. வயர்கார்ட் குழாய் ஐபி முகவரிக்குப் போகும் கடிதங்களைக் கொண்டுபோகும், எல்லோருக்குமாகக் கூவுவதைக் கொண்டுபோகாது. ஆகவே கூவும் ஆள் வீட்டுக்குள் இருக்கத்தான் வேண்டும். குழாய் வழியாகப் பக்கத்தைத் திற, பக்கம் கூவட்டும். இந்தச் சேர்க்கைதான் வேலை செய்கிறது.

யேர்மனியில் கேபிள் இணைப்பும் கண்ணாடி இழை இணைப்பும் வைத்திருக்கும் பல வீடுகளுக்கு இன்னொரு தடை உண்டு. டிஎஸ் லைட் என்ற முறையில், பல வீடுகள் ஒரே ஐபிவி4 முகவரியைப் பகிர்கின்றன. அப்போது ஐபிவி4 மட்டுமே உள்ள இடத்திலிருந்து உங்கள் வீட்டை நேராகத் தேடிப் பிடிக்க முடியாது. இணைப்பு தரும் நிறுவனத்திடம் சொந்த ஐபிவி4 முகவரி கேட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் ராஸ்பெரி பையிலும் தொலைபேசியிலும் டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றை நிறுவலாம். அதில் இரு பக்கமும் வெளியே வந்து கைகோர்ப்பதால் வாசலைத் திறக்கவே வேண்டியதில்லை. இடையில் ஒரு நிறுவனம் இருவரையும் அறிமுகம் செய்கிறது. ஆனால் பூட்டின் திறப்புகள் உங்கள் கருவிகளிலேயே இருக்கும்.

இவ்வளவும் செய்தாலும், எழும்ப வேண்டிய கணினி அதற்குச் சம்மதிக்க வேண்டும். மூன்று இடங்களில் அதற்குச் சொல்ல வேண்டும்.

முதலாவது பயோஸ். கணினி தொடங்கும்போது எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தி உள்ளே போங்கள். வேக் ஒன் லான் என்றோ, பவர் ஒன் பை பிசிஐ என்றோ எழுதியிருப்பதை இயக்குங்கள். இஆர்பி என்று ஒன்று இருந்தால் அதை நிறுத்துங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்சேமிப்பு விதி நிறுத்திய கருவிகளை 2013 முதல் அரை வாட்டுக்குள் கட்டுப்படுத்தியது. அதற்கு ஒத்துப்போகவென்றே வந்த தெரிவு அது; அட்டைக்குப் போகும் மின்சாரத்தையும் வெட்டிவிடும்.

இரண்டாவது விண்டோஸின் டிவைஸ் மனேஜர். அங்கே வலையமைப்பு அட்டையைத் திறந்து, பவர் மனேஜ்மன்ட் பகுதியில் இந்தக் கருவி கணினியை எழுப்பலாம் என்பதையும், மந்திரப் பொதியால் மட்டுமே எழுப்பலாம் என்பதையும் தெரிவுசெய்யுங்கள். இரண்டாவதை விட்டுவிட்டால், வலையமைப்பில் போகும் வேறு செய்திகளுக்கும் கணினி நடுச்சாமத்தில் எழும்பி நிற்கும்.

மூன்றாவது ஷ்னெல்ஸ்டார்ட், ஆங்கிலத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். விண்டோஸ் 8இலிருந்து, ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக நிற்பதில்லை, பாதி உறைந்த நிலைக்குப் போகிறது. அந்த நிலையிலிருந்து எழுப்புவதை விண்டோஸ் ஆதரிப்பதில்லை. ஷ்னெல்ஸ்டார்ட்டை நிறுத்துங்கள். அதைவிட நல்லது, ஷட் டவுன் செய்யாமல் தூங்க மட்டும் விடுவது. எமது அனுபவத்தில் பத்துத் தடவையும் எழும்புவது அப்படி விட்ட கணினிதான்.

லினக்ஸ் பாவிப்பவர்கள் ஈத்டூல் கட்டளையில் வேக் ஒன் என்பதற்கு எதிரே ஜி என்ற எழுத்து நிற்கிறதா என்று பார்த்தால் போதும். அப்பிள் கணினியில் வலையமைப்பு அணுகலுக்காக விழித்தெழு என்ற தெரிவு உண்டு, தூங்கினால் மட்டுமே எழும்பும். மடிக்கணினியை வைபை வழியாக எழுப்ப முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். சிலதில் நடக்கும், நம்பிப் பயணம் போக முடியாது. வயர் போடுங்கள்.

இனி நாம் கண்ட தடங்கல்களைச் சொல்கிறோம். முதலாவது தடங்கல் எமது அம்மா. மின்சாரம் வீணாகக்கூடாது என்பதில் அவர் எம்மைவிடப் பெரிய கணக்காளர். படுக்கப் போகுமுன் வீடு முழுக்க நடந்து, பல பிளக்குகள் செருகிய கட்டையின் சிவப்புச் சுவிட்சையும் நூர்த்துவிடுவார். அட்டைக்குச் சொட்டு மின்சாரமும் இல்லாமல் போனால் எந்த மந்திரமும் பலிக்காது. பிறகு சுவிட்சைப் போட்டாலும், சில கணினிகள் ஒரு தடவை கையால் தொடக்கி ஒழுங்காகத் தூங்கவைக்கும் வரை திரும்பக் காது கொடுப்பதில்லை. கட்டையில் நூர்க்க வேண்டாம் என்று எழுதி ஒட்டினோம். அம்மா அதைப் படித்துவிட்டு, ஒரு மாதத்துக்கு எவ்வளவு வரும் என்று கேட்டார். 51 சதம் என்றதும் விட்டுவிட்டார்.

மற்றது, எழுப்பிய கணினி இரண்டு நிமிடத்தில் திரும்பத் தூங்கிவிடுவது. விசைப்பலகையை எவரும் தொடாமல் தொலைவிலிருந்து எழுப்பினால், ஆள் இல்லை என்று கருதி விண்டோஸ் விரைவில் தூங்கப் போகும். இந்தக் கால அளவு தனியாக, வழமையான மின்சக்தித் தெரிவுகளில் மறைந்து கிடக்கிறது. எழும்பியவுடன் உள்ளே நுழைந்து வேலையைத் தொடங்கினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. தேநீர் போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் சிவப்பு.

வன்தட்டு முழுவதையும் மறைகுறியாக்கம் செய்து, தொடங்கும்போதே கடவுச்சொல் கேட்கும்படி வைத்திருப்பவர்கள் கவனிக்க: முழுதாக நிறுத்திய கணினியை எழுப்பினால் அது அந்தக் கேள்வியோடு திரையில் காத்து நிற்கும், தூரத்திலிருந்து பதில் எழுத முடியாது. தூக்கத்திலிருந்து எழுப்பினால் இது வராது. ஆனால் தூங்கும் கணினியின் நினைவகத்தில் திறப்பு இருக்கும் என்பதும் உண்மை. பெட்டியையே தூக்கிக்கொண்டு போகும் திருடனுக்கு அது உதவலாம். நாம் முக்கியமான கோப்புகளை மட்டும் வெராகிரிப்ட் பெட்டகம் ஒன்றுக்குள் போட்டுப் பூட்டி, தேவைப்படும்போது உள்ளே நுழைந்து திறந்து, திரும்பப் பூட்டுகிறோம். அதற்குத் தொலைமேசை வேண்டும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் உள்வரும் தொலைமேசை வசதி இல்லை, ப்ரோ பதிப்பு தேவை. ஓர் உறுதியின் பக்கத்தை எடுப்பது போன்ற வேலைக்கு, பகிர்ந்துவைத்த கோப்புறையை விபிஎன் வழியாகத் திறந்தாலே போதும்.

எல்லாம் சரி என்று தோன்றியதும் பயணம் போகாதீர்கள். முதல் நாள் அதே வீட்டிலிருந்து வைபையில் சோதியுங்கள். அடுத்த நாள் தொலைபேசியின் வைபையை நிறுத்தி, மொபைல் தரவில், கடைக்குப் போகும் வழியில் சோதியுங்கள். கணினியை ஒரு முழு இரவு தூங்க விட்டுக் காலையில் திரும்பச் சோதியுங்கள். பத்து நிமிடம் தூங்கிய கணினியை எழுப்புவது எளிது, பத்து மணி நேரம் தூங்கியதுதான் உண்மையான சோதனை. ரவுட்டரை ஒரு தடவை நூர்த்துப் போட்டுவிட்டும் பாருங்கள். நாம் அதை மறந்தோம். ராஸ்பெரி பை புதிய ஐபி முகவரியோடு வந்து நின்றது. அதற்கும் கணினிக்கும் எப்போதும் ஒரே முகவரியைக் கொடு என்று ரவுட்டரில் குறித்துவைக்க வேண்டும்.

வழக்கு திரும்ப எடுபட்ட வாரம் நாம் வீட்டில்தான் இருந்தோம். ஆனாலும் சட்டத்தரணியின் அழைப்பு வந்தபோது தொடருந்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். இந்தமுறை அவர் கேட்டது ஐந்தாம் பக்கம். இரண்டு தரிப்பிடங்கள் கழிவதற்குள் அனுப்பினோம்.